22 லட்சம் போட்டுப் புதுப்பித்த அப்பாவின் வீடு: விற்பதா, வாடகைக்கு விடுவதா?

கேள்வி: எனக்கு வயது 54. சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். திருச்சி கே.கே. நகரில் அப்பா 1986-இல் மனை வாங்கி 1991-இல் கட்டிய வீடு இருக்கிறது. மனை 1,800 சதுர அடி. அம்மா 2019-இலும் அப்பா 2022-இலும் காலமானார்கள். உயில் எதுவும் இல்லை. நானும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பியும்தான் பிள்ளைகள். பூட்டிக் கிடந்த வீட்டை 2024-இல் ஆளுக்குப் பாதியாக 22 லட்சம் போட்டுப் புதுப்பித்தோம். மாடியில் ஓர் அறையும் கட்டினோம். என் பங்கில் 8 லட்சம் நகைக் கடன். இப்போது புரோக்கர் 95 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். வாடகைக்கு விட்டால் மாதம் 18,000 வருமாம். ஒத்திக்கு விட்டால் 8 லட்சம் தர ஒருவர் தயாராக இருக்கிறார். தம்பி விற்றுவிடலாம் என்கிறான். இவ்வளவு செலவு செய்துவிட்டு உடனே விற்க எனக்கு மனசு வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே போய் இருக்கலாம் என்ற ஆசையும் உண்டு. கணவருக்கு அதில் விருப்பமில்லை. வீடு கட்டும்போது அந்தச் சுவர்களுக்கு அப்பா தினமும் விடிகாலையில் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆடிட்டராக. இரண்டாம் முறை, பெற்றோர் வீட்டை இதே மாதிரி வைத்துக்கொண்டு தவித்த ஒரு மகனாக. இரண்டு முறையும் ஒரே முடிவுக்குத்தான் வந்தேன். விற்றுவிடுங்கள். ஆனால் இந்த மாதம் வேண்டாம், புரோக்கர் சொல்லும் விதத்திலும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 22 லட்சம். "இவ்வளவு செலவு செய்துவிட்டு விற்பதா" என்று கேட்கிறீர்கள். அந்தப் பணம் போய்விட்டது. நீங்கள் விற்றாலும் அது திரும்பாது, விற்காவிட்டாலும் திரும்பாது. அதனால் கேள்வியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 95 லட்சத்தில் புரோக்கர் கமிஷன் போக உங்கள் பாதி 47 லட்சம்; அது இன்று உங்கள் கையில் ரொக்கமாக இருக்கிறது, வீடு ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "கே.கே. நகரில் ஒரு 1991-ஆம் வருடத்து வீடு, அதில் பாதிப் பங்கு, மீதிப் பாதி சிங்கப்பூரில் இருப்பவருடையது, உங்கள் பங்குக்கு வாடகை மாதம் 9,000" என்று ஒருவர் வந்து சொன்னால் வாங்குவீர்களா? வாங்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். வாங்காத ஒன்றை வைத்திருக்க மட்டும் ஏன் தோன்றுகிறது? அப்பாவினால். அது சரியான காரணம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் அதைப் பணக் காரணம் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

வாடகைக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 18,000 என்றால் வருடத்துக்கு 2,16,000. குடித்தனக்காரர் மாறும்போது வீடு காலியாக நிற்கும். சராசரியாக வருடத்துக்கு ஒரு மாதம் என்று 18,000 கழியுங்கள். வீட்டு வரி, தண்ணீர் வரிக்கு 8,000. மோட்டார், குழாய், அவ்வப்போது வெள்ளையடிப்பு என்று 25,000. மிஞ்சுவது 1,65,000. வீட்டின் மதிப்பில் இது 2 சதவீதம்கூட இல்லை. உங்கள் பங்கு 82,500. இப்போது நகைக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 9 சதவீத வட்டி என்று வைத்தாலே 8 லட்சத்துக்கு வருடம் 72,000. ஆக, வருமான வரிக்கு முன்பு உங்கள் கையில் நிற்பது வருடம் 10,500 ரூபாய். நகை வங்கியிலேயே இருக்கும். வருடா வருடம் போய் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

வாடகையின் பக்கமும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் காட்டாமல் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. புதுப்பிக்க வாங்கிய கடன் என்று நிரூபிக்க முடிந்தால், நகைக் கடன் வட்டியையும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். அதனால் வரிச்சுமை பெரிதாக இருக்காது. இடத்தின் மதிப்பும் ஏறலாம்: விமான நிலையத்தில் 2024 ஜனவரியில் புதிய முனையம் திறந்தார்கள், 2025-இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் வந்தது, ஊர் அந்தப் பக்கமாகத்தான் நகர்கிறது. ஆனால் ஏறுவது மனைதான். கட்டடம் வருடா வருடம் இறங்கும். 1991-இல் கட்டிய வீட்டை வாங்குபவர்களில் பலர் மனசுக்குள் இடித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். இடம் ஏறும் என்று காத்திருப்பது கையில் உபரிப் பணம் உள்ளவர் செய்யும் வேலை. நகையை வைத்து வட்டி கட்டிக்கொண்டு, சம்பளம் வர இன்னும் நான்கைந்து வருடமே இருக்கும்போது செய்யும் வேலை அல்ல.

ஒத்தி வேண்டவே வேண்டாம். 8 லட்சம் மொத்தமாக வந்தால் நகையை மீட்டுவிடலாம் என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒத்திப் பணம் வருமானம் அல்ல, இன்னொரு கடன். இரண்டு, மூன்று வருடத்தில் அவர் காலி செய்யும் அன்று அதே 8 லட்சத்தை எடுத்து வைக்க வேண்டும். வருடம் 72,000 வட்டியை மிச்சம் பிடிக்க 2,16,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள்; அந்த வாடகையில் பாதி தம்பியுடையது. அதற்கு நடுவில் நல்ல விலைக்கு ஆள் வந்தால், ஒத்திக்காரருக்குப் பணம் கொடுக்க வழி தேட வேண்டியிருக்கும்.

கணக்கில் வராத ஒன்று உண்டு. கும்பகோணத்தில் எங்கள் வீட்டை ஆறு வருடம் வாடகைக்கு விட்டிருந்தேன். குடியிருந்தவர்கள் நல்ல மனிதர்கள், வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் வீடு கொஞ்சம் வேறாக இருக்கும். அம்மா வாசலில் கோலம் போடும் இடத்தில் பைக் நிறுத்தி நிறுத்தி எண்ணெய்க் கறை படிந்திருந்தது. பூஜை அலமாரியில் செருப்பு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் அலமாரி. அடுத்தமுறை போனபோது சமையலறை மேடைக்குக் கீழே இருந்த அம்மிக்கல் இல்லை, கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறித் திரும்பும்போது மனசு கனத்துப் போகும். அப்பா தண்ணீர் ஊற்றிய சுவரில் யாரோ டி.வி. மாட்ட நாலு துளை போட்டிருப்பதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டைக் காப்பாற்றத்தான் வாடகைக்கு விடுகிறோம் என்று நினைத்தால், அது நடக்காது. குழாய் ஒழுகுகிறது என்ற போன் சிங்கப்பூருக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும். பெரும்பாலும் வகுப்பு நேரத்தில்.

ஓய்வுக்குப் பிறகு அங்கே போய் இருக்கும் ஆசையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த வீடு முழுதாக உங்களுடையது அல்ல. அதில் போய் உட்கார வேண்டுமென்றால் தம்பியின் பாதிக்கு ஏறத்தாழ 47 லட்சம் கொடுத்து, அவன் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். பத்திரச் செலவு பெரிதில்லை. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. 47 லட்சத்துக்கு எங்கே போவது? கணவருக்கும் விருப்பமில்லை என்கிறீர்கள். கோடை விடுமுறையில் அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பத்து நாள் அங்கே தங்குங்கள். சமைத்துச் சாப்பிடுங்கள், மருத்துவரிடம் போய் வாருங்கள், சாயங்காலம் யாரோடு பேசுகிறீர்கள் என்று பாருங்கள். பத்தாவது நாளும் அவர் அங்கே இருக்கலாம் என்று சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கை வேறு மாதிரி போடுவோம். அது ஒன்றுதான் என் முடிவை மாற்றும்.

சரி, விற்பதென்றால் எப்படி?

விலை பேசும் முன் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். இரண்டு இறப்புச் சான்றிதழ்கள், தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் மூலப்பத்திரம், 1986-இலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று, உங்கள் இருவர் பெயரிலும் பட்டா. வீட்டு வரியும் மின் இணைப்பும் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: 2022-இல் அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது உங்கள் அப்பத்தா, உயிரோடு இருந்தார்களா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. இதைப் பலரும் மறந்துவிட்டுப் பத்திரப் பதிவு அன்று மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது மாடி அறை. அதற்கு மாநகராட்சியில் கட்டட அனுமதி வாங்கினீர்களா என்று எழுதவில்லை. 95 லட்சம் கொடுப்பவர் பெரும்பாலும் வங்கிக் கடனோடுதான் வருவார். வங்கியின் மதிப்பீட்டாளர் கையில் வரைபடத்தோடு படியேறுவார். வரைபடத்தில் இல்லாத அறைக்கு அவர் மதிப்புப் போட மாட்டார். கடன் தொகை குறையும், வாங்குபவர் உங்களிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். கட்டிய பொறியாளரிடம் இப்போதே கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

தம்பி வெளிநாட்டில் இருப்பதால் வரும் வேலைகளை அவனிடம் இன்றே சொல்லுங்கள். அவன் பங்கில் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி உங்கள் பங்கைப் போல 1 சதவீதம் அல்ல. வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் மூலதன ஆதாய வரி (சொத்து விற்ற லாபத்துக்கான வரி) விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், லாபத்துக்கு மட்டும் பார்க்காமல் விற்பனைத் தொகை முழுவதற்கும் பிடித்துவிடுவார்கள். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கலாம். கிடைக்கச் சில வாரங்கள் ஆகும், அதனால் ஒப்பந்தம் போடும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். அவன் நேரில் வர முடியாவிட்டால், சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகத்தில்) பொது அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

இனி உங்கள் வரி. 2025-26 நிதியாண்டில் விற்பதாக வைத்துப் போடுகிறேன். 95 லட்சத்தில் புரோக்கர் கமிஷன் ஒரு லட்சம் போனால் 94. அப்பா 2001-க்கு முன்பே வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் 9 லட்சம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். புதுப்பித்த 22 லட்சம் முழுவதையும் கழிக்க முடியாது. புது வயரிங், குளியலறைகளை இடித்துக் கட்டியது, தரை மாற்றியது, மாடி அறை போன்றவை மேம்பாட்டுச் செலவு. பெயின்ட், ஒட்டுவேலை போன்றவை பராமரிப்பு, அவை சேராது. பில் இருக்கும் மேம்பாட்டுச் செலவு 16 லட்சம் என்று எடுத்துக்கொண்டால் மொத்த லாபம் 69 லட்சம், உங்கள் பாதி 34.5 லட்சம்.

2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லை. அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடு, மனைக்கு, இந்தியாவில் வசிப்பவர் மட்டும் பழையபடி சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். உங்களுக்குப் புது முறையில் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து ஏறக்குறைய 4.49 லட்சம். பழைய முறையில், 2025-26-இன் பணவீக்கக் குறியீடு 376-ஐ வைத்துப் போட்டால் 4.53 லட்சம். கிட்டத்தட்ட ஒன்றுதான். 2001 மதிப்பு 9 லட்சத்தைவிடக் கொஞ்சம் கூடினாலும் பழைய முறை லாபமாகிவிடும், அதனால் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிக்குப் புது முறை மட்டும்தான்.

இந்த வரியை முழுவதுமாகத் தவிர்க்கவும் வழி உண்டு. விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் லாபத் தொகையை ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் போடலாம். உச்சவரம்பு 50 லட்சம், உங்கள் 34.5 லட்சம் அதற்குள் அடங்கும். ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம், வட்டிக்கு வரி உண்டு. வட்டி குறைவு என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் 4.49 லட்சம் வரி மிச்சமாவதையும் சேர்த்துப் பார்த்தால், வரி கட்டிவிட்டு வங்கி வைப்பில் போடுவதைவிட இது மேல் என்றுதான் எனக்குக் கணக்கு வருகிறது. ஐந்து வருடம் முடியும்போது நீங்கள் ஓய்வு பெற்றிருப்பீர்கள்.

இப்போது பாருங்கள். உங்கள் 47 லட்சத்தில் 8 லட்சம் கொடுத்து நகையை மீட்டுவிட்டீர்கள். 34.5 லட்சம் பத்திரத்தில். அதற்கு வட்டி வருடம் 1,81,000 சொச்சம். கையில் இன்னும் 4.5 லட்சம் மிச்சம். வாடகைக்கு விட்டால் நின்ற 10,500-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

சென்னையில் ஃபிளாட் வாங்கினாலும் வரிவிலக்கு உண்டு; விற்ற இரண்டு வருடத்துக்குள் வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று வருடம். ஆனால் நகைக் கடனையோ, ஏற்கெனவே இருக்கும் வீட்டுக் கடனையோ அடைப்பது புது வீடு வாங்கியதாக ஆகாது. என்னிடம் வருபவர்களில் நிறைய பேர் அப்படி நினைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

புரோக்கர் இன்னொரு யோசனையும் சொல்வார், இல்லையென்றால் வாங்குபவர் சொல்வார்: "60-க்குப் பதிவு பண்ணிடலாம், 35 கையில வாங்கிக்குங்க." முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கையில் வாங்கிய 35 லட்சத்தை மூலதன ஆதாயப் பத்திரத்தில் போட முடியாது, தம்பி தன் பங்கை வங்கி வழியாகச் சிங்கப்பூருக்கு எடுத்துப் போகவும் முடியாது. முப்பது வருடம் வகுப்பில் நின்று சம்பாதித்த நல்ல பெயர் உங்களுடையது. ஓய்வு பெறும் வயதில் ஒரு நோட்டீஸுக்குப் பயந்துகொண்டு தூங்க வேண்டியதில்லை.

காகிதங்கள் சரியாக நான்கு, ஐந்து மாதம் ஆகலாம். அதுவரை 11 மாத ஒப்பந்தத்தில் யாரையாவது வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி 11 மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அது சிரமமில்லை, ஆன்லைனிலேயே முடியும். ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்க வருபவர் சமையலறை வாசலோடு நின்றுவிட்டுத் திரும்புவார். புதுப்பித்த வீட்டுக்கு அந்தப் புதுமை இருக்கும்வரைதான் விலை. பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்து, எல்லாக் குழாய்களிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் கெடுவது குழாய்தான்.

கடைசியாக அப்பா. நான் எங்கள் வீட்டை விற்ற அன்று, பதிவாளர் அலுவலகத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தை எந்தக் கணக்காலும் தவிர்த்திருக்க முடியாது. உங்களுக்கும் அது வரும். தம்பியை அன்றைக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். அதிகாரப் பத்திரம் இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் இருவரும் ஒன்றாக நின்று சாவியைக் கொடுப்பது நல்லது. அதற்கு முன் ஒருநாள் இருவரும் வீட்டுக்குள் நடந்து, எதை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்: ஊஞ்சல் பலகையோ, பூஜை அறைக் கதவோ, அப்பா தண்ணீர் சுமந்த அந்த வாளி இருந்தால் அதுவோ. வீட்டை யாருக்கும் காட்டுவதற்கு முன்பே கழற்றி எடுத்துவிடுங்கள். ஊஞ்சல் தொங்கும் கூடத்தைப் பார்த்துவிட்டு விலை சொன்னவர், பதிவு அன்று அதுவும் வேண்டும் என்பார்.